இன்னைக்கு யாரு முறை?

இந்தப் பெட்டி உங்க கால்ல இடிக்குதோ? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க தங்கச்சி. மேல வைக்கலாம்னா கண்டக்டர் தூக்கித் தர மாட்டேங்காரு, எனக்கும் தூக்க வலு இல்ல. நீங்க ஜன்னல் பக்கம் நல்லா சாஞ்சு உக்காருங்க. மடியில என்ன, எக்ஸ்ரே கவரா? மடங்கிராம பாத்துக்கிடுங்க. எங்க போறிய? சரி சரி. நான் திருவனந்தபுரம் ஏர்போட்டுக்கு. அங்க இருந்து பிளேன் மாறி மாறி ரஷ்யாவுக்கு.

ஆமா, ரஷ்யாதான். பீட்டர்ஸ்பர்க்னு பெரிய பட்டணம். எங்க வீட்டுக்காரருக்கு அங்க ஒரு தேயிலைக் கம்பெனியில வேலை. நம்ம பக்கத்துத் தூள அங்க கொண்டுபோய்க் கலந்து பாக்கெட் போடுதாவ. எந்தத் தூளோட எந்தத் தூளு சேரும்னு வாயில ஊத்திப் பாத்துச் சொல்லுதது இவரு. நாலு வருசம் ஆச்சு. மகன் பெங்களூர்ல. பீட்டர்ஸ்பர்க்ல ஒம்பதாவது மாடியில அவரும் நானும் மட்டும்.

ரஷ்யாவுக்குப் போறவ எதுக்கு பஸ்ல போறான்னுதான பாக்கிய? காரு இருந்துது. செண்பகவல்லி வீட்டுக் காரு, டிரைவரோட. "ஏர்போட்ல நான் கொண்டு விடுதேன்ட்டி"ன்னு சொல்லத்தான் செஞ்சா. வேண்டாம்னுட்டேன். துரோகம் பண்ணுனவ காருல ஏறி உக்காந்தா அந்த சீட்டு குத்தாதா? நீங்களே சொல்லுங்க. இல்ல, இருங்க. முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நாகர்கோயில்ல எங்க தெருவுல நாங்க நாலு பேரு. செண்பகவல்லி, ஸ்டெல்லாபாய், ஜெசிந்தா, அப்புறம் நான், சரோஜம். செண்பகத்துக்கு வடசேரியில பாத்திரக்கடை. ஸ்டெல்லா டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. ஜெசிந்தாவுக்கு வீட்டோட தையல். நாலு பேருக்கும் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு விடியக்காலம் ஸ்கூல் மைதானத்தச் சுத்தி நடப்போம். நடப்போம்னா, கால விட வாய்தான் அதிகமா நடக்கும். அதுலயும் என் வாய். ஸ்டெல்லா சொல்லுவா, "சரோஜம் ஒரு கதைய முடிக்கதுக்குள்ள நம்ம எல்லாருக்கும் சர்க்கரை இறங்கிரும்"னு. என் பேச்சு மேல அம்புட்டுப் பிரியம் அவளுக்கு.

நான் ரஷ்யாவுக்குப் போறப்ப மூணு பேரும் கட்டிப்புடிச்சு அழுதாளுவ. ஜெசிந்தாதான் சொன்னா: "நீ அங்க நடந்துக்கிட்டே பேசி அனுப்புட்டி. நாங்க இங்க நடந்துக்கிட்டே கேக்கோம். நாலு பேரும் ஒண்ணா நடந்த மாதிரி இருக்கும்." அவதான் சொன்னா தங்கச்சி. நானாக் கேட்டேன்?

அனுப்பினேன். காய்ச்சல் கிடந்தப்பக் கூட விட்டதில்ல, போர்வைக்குள்ள கிடந்து பேசி அனுப்பினேன். சாயங்காலம் நான் நடந்து, பேசி, வாட்சப்புல போட்டா, மறுநாள் விடியக்காலம் இவளுவ கேப்பாளுவ. என்னெல்லாம் சொல்லியிருக்கேன் தெரியுமா! அங்க பாதாள ரயிலுக்கு இறங்குத படி இருக்கே, நம்ம ஊரு கிணறு எல்லாம் அதுக்கிட்ட பிச்சை வாங்கணும். ஓடுத படியில சும்மா நின்னுக்கிட்டே ஒரு முழுக் கதையச் சொல்லி முடிச்சிரலாம். மழைக்காலத்துல நம்ம தாழக்குடிப் பக்கம் வயக்காடு நிறைஞ்சு கிடக்கும்லா, அது மாதிரி அகலமா ஒரு ஆறு, அது அப்படியே கட்டியாயிரும். ஆளுவ அது மேல முக்காலி போட்டு உக்காந்து, ஓட்டை போட்டு, தூண்டில விட்டு மீன் புடிக்காவ. கூரையில தொங்குத ஐஸ் கட்டியைத் தட்டி விட ஒருத்தன் மேல ஏறுவான், கீழ சிவப்பு வெள்ளை நாடா கட்டி வழிய மறிச்சிருப்பாவ. நான் தெரியாம அதுக்குள்ள புகுந்துட்டேன். மேல நின்னவன் ஏசுன ஏச்சு இருக்கே, ஒரு வார்த்தை புரியல, ஆனா அம்புட்டும் விளங்கிட்டு. அப்புறம் தோசை மாவு. அந்தக் குளிர்ல மாவு பொங்கவே பொங்காது பாத்துக்கிடுங்க. ஜன்னலுக்குக் கீழ வீட்டச் சூடாக்க ஒரு கம்பி அடுக்கு வச்சிருக்காவ, உள்ள சுடுதண்ணி ஓடும். அதுக்குப் பக்கத்துல பாத்திரத்த வச்சு, எங்க வீட்டுக்காரரு கம்பளித் தொப்பிய மேல கவுத்தினேன். மறுநாள் மாவு பொங்கித் தொப்பிக்குள்ள ஏறிட்டு. அத மட்டும் மூணு தனித்தனியா அனுப்பினேன், ஒண்ணுல அடங்கல.

சும்மா என் கதைய மட்டும் பேசுதவன்னு நினைச்சிராதிய. அவளுவ என்ன சொன்னாலும் உடனே பதில் போடுவேன். ஒரு தடவை ஜெசிந்தா, கக்கத்துக்கிட்ட என்னமோ கட்டியா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு போட்டிருந்தா. உடனே அனுப்பினேனே! "எட்டி, இங்க ஆஸ்பத்திரி வாசல்ல நீலக் கலர்ல பிளாஸ்டிக் உறை வச்சிருக்காவ, செருப்போட அதுக்குள்ள கால விட்டுக்கிட்டுத்தான் உள்ள போணும். நான் மாட்டத் தெரியாம ரெண்டையும் ஒரே கால்ல மாட்டி, நொண்டிக்கிட்டு நிக்கேன்"ன்னு. அவ சிரிக்கணும்லா, அதுக்குத்தான். மனசு லேசாகணும்லா.

பதிலும் வரும். செண்பகம் கட்டைவிரலப் போடுவா. ஸ்டெல்லா "சூப்பர்"னு போடுவா. ஜெசிந்தா, "நல்லா நடட்டி." அதப் பாத்துட்டுத்தான் நான் அடுப்பையே பத்த வைப்பேன். உள்ளதச் சொல்லுதேன் தங்கச்சி, அந்த ஊர்ல தை மாசம் இருட்டோட போற மனுசன் இருட்டோடத்தான் வாராரு. பகல் பூரா டீயக் குடிச்சுத் துப்பி நாக்கு செத்துப்போய், வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எனக்கு அந்தப் பாஷை முட்டையும் பாலும் வாங்க மட்டும்தான் தெரியும். சில நாளு சாயங்காலம் வரைக்கும் என் குரலே எனக்குக் கேட்டிருக்காது. மூணு பேரு காது எனக்குன்னு தொறந்து இருக்குங்கற தெம்புலதான் நாலு வருசம் ஓடிட்டு. அந்தக் காதுதான் பொய்யாப் போச்சு.

தக்கலையா? இறங்குதவிய இறங்கட்டும். நான் கால மடக்கிக்கிடுதேன். நீங்க உக்காருங்க.

ரெண்டு வருசமா ஊருக்கு வரல. இந்தத் தடவையும் அவருக்கு லீவு கிடைக்கல, நான் மட்டும் வந்தேன். வாரேன்னு ஒருத்திக்கும் சொல்லல. திடுதிப்புன்னு மைதானத்துல போய் நிக்கணும், அவளுவ மூஞ்சியப் பாக்கணும்னு ஆசை. சந்தேகம் வரக்கூடாதுல்லா, அதனால முந்தின நாளே பேசிப் பதிஞ்சு வச்சு, வழியில ஏர்போட்ல இருந்து அனுப்பிட்டேன். "எட்டி, பனி கொட்டுது, முழங்கால் வரைக்கும் நிக்கு"ன்னு. சின்னப் பொய்தான். பிரியத்துல சொல்லுத பொய்.

விடியக்காலம் மைதானத்துக்குப் போனேன். அங்க இருந்து வாங்கின சாக்லேட்டு ஒரு பை நிறைய. நாலஞ்சு ஆம்பளைய நடக்காவ, பயலுவ பந்து விளையாடுதானுவ. என் ஆளுவளக் காணோம். வாசல்ல இருக்கத வாட்ச்மேன் சொல்லுதாரு, "அந்தம்மாமாரு வாரத நிறுத்தி வருசத்துக்கு மேல இருக்குமே." வருசத்துக்கு மேலயா? அப்ப இம்புட்டு நாளா நான் யாரு கூட நடந்தேன்?

நேரா செண்பகம் வீட்டுக்குப் போனேன். கதவத் தொறந்தவ பேயக் கண்டது மாதிரி நின்னா. அப்புறம் கட்டிப்புடிச்சா, அழுதா, உக்காரவச்சா. காப்பி போட உள்ள போனா. அப்பம் அவ போன் அடிச்சுது. கையில பால் பாத்திரம், ஸ்பீக்கர்ல போட்டுட்டா. எடுத்த எடுப்புல ஸ்டெல்லா குரலு:

"எட்டி, இன்னைக்கு யாரு முறை, உனக்கா எனக்கா? சரோஜம் அனுப்பிட்டாளா? என்ன, பனிக் கதையா மீன் கதையா? ஒரு வரியில சொல்லு, நான் சூப்பர் போட்டுட்டுக் குளிக்கப் போணும்."

செண்பகம் அடுப்படியில நின்னுக்கிட்டு என்னையப் பாக்கா. நான் அவளப் பாக்கேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் ஸ்டெல்லா, "எட்டி, செண்பகம், செத்துட்டியா?"ங்கா.

முறை தங்கச்சி, முறை! வயலுக்குத் தண்ணி பாய்ச்ச முறை வைப்பாவ, கோயில்ல பூசைக்கு முறை வைப்பாவ. என் பேச்சக் கேக்க முறை வச்சிருக்காளுவ. ஒருத்தி கேக்கணும். கேட்டுட்டு மத்தவளுக்கு ஒரு வரியில சொல்லணும். "மாவு பொங்கிட்டாம்." "வழுக்கி விழுந்தாளாம், அடி இல்லியாம்." அதக் கேட்டுட்டு கட்டைவிரலு, சூப்பர்! மூணு தனித்தனியா அனுப்பின மாவுக் கதை ஒரு வார்த்தையில முடிஞ்சிட்டு. நான் வாசிச்சு வாசிச்சு அடுப்பு பத்தவச்ச சூப்பர் எல்லாம் குளிக்கப் போற அவசரத்துல போட்ட சூப்பர்.

அதோட நிக்கல. "அது என்ன முறை, ஒழுங்காச் சொல்லு"ன்னு நெருக்கினேன். அப்பத்தான் செண்பகம் ஒவ்வொண்ணாக் கக்குதா. ஜெசிந்தாவுக்கு மார்புல புத்துநோயாம். ஆபரேசன் ஆகி, கீமோ ஊசி போட்டு, முடியெல்லாம் கொட்டி, இப்பத்தான் திரும்ப முளைக்குதாம். அவ வீட்ல பொங்கிக் குடுக்க, கூட இருக்க, இவளுவ ரெண்டு பேரும் நாள் பிரிச்சிக்கிட்டாளுவளாம். நடக்கப் போறது அதனாலதான் நின்னுதாம். யாருக்கு அங்க இருக்க முறையோ அவ அங்க வச்சே என்னோடதையும் ஓட்டிரணும். சமைச்ச மாதிரியும் ஆச்சு, சரோஜத்தக் கேட்ட மாதிரியும் ஆச்சு. கேட்டியளா கதைய? என்னைய ஒரு வியாதியோட சேத்து முறை போட்டிருக்காளுவ!

எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. நான் அங்க ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினது எல்லாம் என்ன ஆச்சு? அந்த ஊர்ல ஒரு பழக்கம் உண்டு தங்கச்சி. யாராவது ஊருக்குக் கிளம்பினா, வீட்ல உள்ள எல்லாரும் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும். ஒரு சத்தம் கூடாது. போறவ நல்லபடியாப் போய்ச் சேரணும்னு. போன வருசம் எங்க வீட்டுக்காரரு கம்பெனி வேலையா வெளியூர் கிளம்பினப்ப பக்கத்து வீட்டு கலீனா, நல்ல கட்டையான பொம்பளை, வந்து பெட்டி மேல உக்காந்து எங்களையும் புடிச்சு உக்காரவச்சா. என்னால முடியுமா? சிரிச்சிட்டேன். அவ கண்ண உருட்டினா. அத எவ்வளவு அழகா, நடிச்செல்லாம் காட்டி அனுப்பியிருந்தேன்! அன்னைக்கு யாரு முறையோ, யாரு கேட்டாளோ. அது காத்துலதான் போச்சு.

என்னது, மார்த்தாண்டமா? சரி, அவரு கத்திக்கிட்டுத்தான் இருப்பாரு. நீங்க எதுக்கு எழும்புதிய? கூட்டம் இறங்கட்டும், பெட்டி வழியிலதான் இருக்கும், அவிய தாண்டிப் போவாவ. உக்காருங்க, உக்காருங்க. முக்கியமான இடமே இனிதான் வருது.

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கோவத்தோடதான் போனேன். தையல் மெசின் மேல துணி போட்டு மூடிக் கிடக்கு. கட்டில்ல உக்காந்திருக்கா, தலையில ஸ்கார்ஃப் கட்டி, பாதி ஆளா. பாத்ததும் கோவம் பாதி இறங்கிட்டு, இல்லன்னு சொல்லல. ஆனாலும் கேட்டேன். "எட்டி, ஊரு பூரா தெரிஞ்சிருக்கு, வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும் போல, எனக்கு மட்டும் சொல்லாம மறைச்சிட்டியே, நான் என்ன அந்நியமா?"

அவ சொல்லுதா: "சொன்னேன்ட்டி. நீ செருப்புக்கு உறை மாட்டுத கதை சொன்ன."

சொன்னாளாம்! கட்டின்னு சொன்னா நான் என்னத்தக் கண்டேன்? சொன்னா சொல்லுத மாதிரி சொல்லணும்லா? அப்புறம் இன்னொரு நாளும் சொன்னாளாம், ஆபரேசனுக்குத் தேதி குறிச்சாச்சுன்னு. அன்னைக்கு ஆத்துல ஐஸ் உடைஞ்ச நாளு. அது துண்டு துண்டா மிதந்து போற அழகுல நான் எத வாசிச்சேன், எத விட்டேன்னு கண்டேனா? ரெண்டு தடவை சொல்லிட்டு விட்டுட்டா. மூணாவது தடவை சொன்னா வாயா வலிச்சிரும்?

அதுக்குப் பொறவு அவ சொன்னதுதான் தங்கச்சி என்னால தாங்க முடியாதது. என் கையப் புடிச்சு வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொல்லுதா:

"ஊசி போட்டுட்டு வந்தா ரெண்டு மூணு நாளைக்கு உள்ள எல்லாம் தீயா எரியும்ட்டி. ஒண்ணும் பிடிக்காது. வெளிச்சம் பிடிக்காது, ஆளு பேசுனாப் பிடிக்காது. அப்பம் உன்னோடதப் போட்டுக் காதுல வச்சுக்குவேன். நீ பனியில நடப்பியே, மரச்சீனிக் கிழங்கு மாவக் கைக்குள்ள வச்சு அமுக்குத மாதிரி கரக் கரக்குன்னு ஒரு சத்தம். நடுவுல மூச்சு வாங்கிட்டுப் பேச்ச நிறுத்துவ பாரு, அந்த இடம். அத மட்டும் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவேன். உடம்பு குளுந்துரும். இனி அனுப்புனா பேசாம நடந்து அனுப்புட்டி. வெறும் அந்தச் சத்தம் மட்டும் போதும் எனக்கு."

எப்படி இருக்கு? நாலு வருசம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசி அனுப்பியிருக்கேன். அவளுக்கு வேண்டியது நான் பேசாம இருந்த இடமாம்! என் கதை வேண்டாம், என் செருப்புச் சத்தம் வேணுமாம். இதுக்கு நான் எதுக்கு? ரோட்ல போற யாரு நடந்தாலும் அந்தச் சத்தம் வரும்லா? நீங்க என்ன சொல்லுதிய? இல்ல, இருங்க, நியாயம் அப்புறம் சொல்லுங்க, இன்னும் முடியல.

அன்னைக்கோட மூணு பேரு வீட்டுக்கும் போறத நிறுத்திட்டேன். சாக்லேட்டப் பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்தேன். ஸ்டெல்லா வந்து மன்னிச்சிருன்னு சொன்னா, செண்பகம் மீன் குழம்பு வச்சுக் குடுத்து விட்டா. வாங்கிக்கிட்டேன், ஆனா பேசல. நான் பேசாம இருக்கதுதான பிடிக்கும், இருக்கட்டும்னு.

இன்னைக்குக் காலையில கிளம்புதேன். மூணு பேரும் வந்திருக்காளுவ. ஜெசிந்தாவ ஆட்டோவுல வச்சுக் கூட்டிட்டு வந்திருக்காளுவ, அவளால படி ஏற முடியல, ரெண்டு பேரும் கையப் புடிச்சு ஏத்துனாளுவ. சரி, போற நேரத்துல நாலு வார்த்தை மனசு விட்டுப் பேசுவாளுவ, அழுவாளுவ, நானும் அழுதிருவேன், எல்லாம் தீந்துரும்னுதான் நானும் நினைச்சேன். உண்மையா நினைச்சேன் தங்கச்சி. காலையில இருந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

என்ன செஞ்சாளுவ தெரியுமா? வந்தாளுவ. ஜெசிந்தா கட்டில் ஓரத்துல உக்காந்தா. ஸ்டெல்லா ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டா. செண்பகம், அம்பது இடம் கிடக்கு வீட்ல, இந்தப் பெட்டி மேல ஏறி உக்காந்தா. உக்காந்தவளுவ வாயத் தொறக்கல. ஒருத்தி கூட! "என்னட்டி, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கிய?"ன்னு கேட்டேன். ஜெசிந்தா கண்ண மூடிட்டா. செண்பகம் என் சேலைய இழுத்துப் பக்கத்துல உக்காருன்னு கையக் காட்டுதா. நான் உதறிட்டேன். பாஸ்போட்டு எடுத்தேனா, அடுப்ப அணைச்சேனான்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வீட்டச் சுத்துதேன், அவளுவ கல்லு மாதிரி இருக்காளுவ. ஸ்டெல்லா வாயில விரல வச்சு என்னைய "உஷ்"ங்கா! என் வீட்ல, என்னைய!

கொஞ்ச நேரம் கழிச்சு மூணு பேரும் ஒண்ணா எழும்பினாளுவ, சொல்லி வச்ச மாதிரி. ஜெசிந்தா என் கன்னத்தத் தடவி, "இனி நல்லபடியாப் போய்ச் சேந்துருவ"ன்னா. அம்புட்டுதான். அதுக்குத்தான் அந்த உடம்ப வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்தாளா? ஒரு மன்னிப்பு இல்ல, ஒரு கண்ணீர் இல்ல, போற நேரத்துல ஒரு வார்த்தை இல்ல. நான் பெட்டிய இழுத்துக்கிட்டுத் திரும்பிப் பாக்காம பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

என்ன தங்கச்சி? கலீனாவா? கலீனாவுக்கும் இதுக்கும் என்ன? நீங்க அந்தக் கதையிலேயே நிக்கிய. நான் இவளுவளப் பத்திச் சொல்லுதேன்.

விடுங்க. போனது போகட்டும். இனி அந்தக் குரூப்புல ஒரு வார்த்தை போட மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், உங்களப் பாத்ததும் எனக்கு மனசுக்குப் பிடிச்சிட்டு. எப்படி அமைதியா, குறுக்க பேசாம கேட்டுக்கிட்டு வாரிய! இப்படி ஒரு ஆளு கிடைக்கணும்லா. உங்க நம்பரச் சொல்லுங்க. நாளைக்கே அங்க இருந்து அனுப்புதேன். இப்ப ஆத்துல ஐஸ் உடையுத சமயம். நீங்க பாத்தே இருக்க மாட்டிய. தினம் அனுப்புதேன், உங்களுக்கும் பொழுது போவும்.

இந்தா களியக்காவிளை வந்துட்டு. இனி கேரளம். நம்பரச் சொல்லுங்க, அழுத்துதேன். ஒம்பது...

ஏன் அழுவுதிய? என்ன ஆச்சு? மார்த்தாண்டமா? மார்த்தாண்டத்துல எங்க... டாக்டரா? பத்து மணிக்கு மேல அவரு இருக்க மாட்டாரா? யாருக்கு, உங்களுக்கா, பிள்ளைக்கா? ஏறுனவுடனே சொன்னியளா? எப்பம் சொன்னிய? ஐயோ, ஏ கண்டக்டர், நிறுத்தும், ஒரு ஆளு இறங்கணும்! பைய, பைய இறங்குங்க, எக்ஸ்ரே கவரப் புடிங்க. நான் இவ்வளவு நேரம் உங்க பக்கத்துலேயேதான தங்கச்சி உக்காந்திருக்கேன்! இறங்கணும்னா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொன்னாத்தான மனுசருக்குத் தெரியும்!